புறப்பாட்டுப் படம் எல்லாம் இழுத்துக்கொண்டு வருகிறது, எந்த லென்ஸ் வாங்கலாம்?

மன்னைவாசி:
கேமரா கேனன் 200டி, கூடவே வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ். வெயிலில் ஒரு குறையும் இல்லை, இருட்டினால்தான் தொல்லை. எங்கள் ஊர் மன்னார்குடி ராஜகோபாலசுவாமி பங்குனிப் புறப்பாட்டில் 55-க்கு ஜூம் செய்தால் லென்ஸின் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறைந்தால்தான் வெளிச்சம் கூடும்), ஒளி உணர்வான ஐ.எஸ்.ஓ.-வை 6400 வைத்தும் ஷட்டர் 1/15 நொடிதான், தீவட்டி வெளிச்சத்தில் பல்லக்குச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் முகமெல்லாம் கோடு கோடாக வருகிறது. பக்கத்திலேயே வடுவூர் ஏரி, பறவையும் எடுக்க ஆசை. தாராசுரம் சிற்பங்களும் எடுக்க வேண்டும். கையில் இருப்பது 15,000. புதிதாக 50 எஃப் 1.8 வாங்கவா, பழைய 55-250 ஒன்று விலைக்கு வருகிறது, அதைப் பிடிக்கவா?

வெண்ணாற்றங்கரை:
தம்பி, 55-250 இருட்டில் உங்களுக்கு உதவாது. அதில் ஆட்டம் தணிக்கும் ஐ.எஸ். வசதி இருக்கிறதே என்பார்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், பல்லக்கோடு ஆடி வருகிறவரை எப்படிப் பிடிக்கும்? எஃப் 5.6-லிருந்து 1.8-க்கு வந்தால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம், அதே இடத்தில் 1/125 கிடைக்கும். ஆனால் வாங்குவதற்கு முன் பழைய படங்களைத் திறந்து எதை எத்தனை எடுத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆசை வேறு, பழக்கம் வேறு.

கோடியக்கரை:
பறவைக்காரன் சொல்கிறேன், 250 என்பது 200டி-யின் சிறிய சென்சாரில் 400 போலத் தெரியும், கரையோரக் கொக்குக்குப் போதும், ஏரி நடுவில் இருக்கும் வாத்து புள்ளிதான். பழைய லென்ஸ் என்றால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்னால் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. ஐப்பசி அடைமழையில் பீரோவில் துணியோடு வைத்து நானே ஒன்றைப் பாழாக்கினேன். இப்போது ரப்பர் மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இருக்கிறது, வீட்டம்மாவுக்கு அந்த டப்பா போன கோபம் இன்னும் தீரவில்லை.

மன்னைவாசி:
எண்ணிப் பார்த்தேன். கடைசி 400 படத்தில் பறவை வெறும் 31, எனக்கே வெட்கமாகிவிட்டது. புறப்பாடும் வீட்டு விசேஷமும்தான் முக்கால்வாசி. ஆனால் அவற்றில் பாதி 24, 35-இல் அகலமாக எடுத்தவை. 50-இல் ஜூம் கிடையாதே, நெருக்கிவிடாதா?

வெண்ணாற்றங்கரை:
நெருக்கும். 18-55-ஐ 50-இல் திருப்பி, ஜூம் வளையத்தில் டேப் ஒட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க எடுங்கள். தாங்க முடியவில்லை என்றால் 24 எஃப் 2.8 பாருங்கள், ஆனால் அந்த இடத்தில் உங்கள் லென்ஸே எஃப் 4 பக்கம் திறக்கும் என்பதால் வெளிச்சம் இரண்டு மடங்குதான் கூடும்.

மன்னைவாசி:
டேப் ஒட்டிக்கொண்டு தாராசுரம் போய் வந்தேன். கருவறை அடித்தளத்தில் இருக்கும் நாயன்மார் சிற்பங்களுக்குத் தரையில் உட்கார்ந்தால் அளவெடுத்த மாதிரி இருந்தது. முழு விமானம் வரவில்லை, அதற்குத்தான் 18 இருக்கிறதே. ஊரில் சன்னதித் தெருவில் நடுவில் நின்றால் பல்லக்கு வெட்டுப்படுகிறது, எதிர்த்திண்ணையில் ஏறி நின்றால் சரியாக அடங்குகிறது. 50 வாங்கிவிட்டேன். இப்போது வேறு சிக்கல், 1.8-இல் ஒரு கண் பளிச், மறு கண் மங்கல்.

வெண்ணாற்றங்கரை:
பக்கத்தில் நின்று எடுத்தால் அப்படித்தான். 2.2 அல்லது 2.5 வையுங்கள், நடு ஃபோகஸ் புள்ளியைக் கிட்டக் கண்ணில் வைத்து அழுத்துங்கள். திண்ணையிலிருந்து எடுக்கும்போது 1.8-ஏ போதும்.