'விற்ற பொருள் வாபஸ் இல்லை'ன்னு பில்லுல போட்டா அதோட முடிஞ்சுதா?

சிவகாசி குமரன்: மதுரைல ஒரு கடைல 24,500 கொடுத்து ஃப்ரிட்ஜ் வாங்குனேன், பன்னெண்டாம் நாளே கூலிங் போச்சு. மெக்கானிக் மூணு தடவ வந்து கேஸ் அடிச்சுட்டுப் போனாரு, ரெண்டே நாள்ல பழைய குருடி கதவத் திறடி கததான். கடைல கேட்டா பில்லுக்கு அடில 'விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது'ன்னு இருக்கறத விரல வெச்சுக் காட்டுறாங்க. வக்கீல் 10,000 கேக்குறாரு. கேஸ் போடவா வேணாமா?

பட்டறிவு பாண்டி: விட்ருங்க பாஸ். நான் வாஷிங் மெஷினுக்காகப் போட்டவன். சட்டத்துல மூணு மாசம்னு எழுதிருக்கு, எனக்கு ரெண்டரை வருஷம் ஆச்சு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு, பஸ் காசு, வெளிய சாப்பாடு. கடைசில ஆர்டர் வந்துச்சு, காசு வரல. சுண்டக்கா கால் பணம் சுமகூலி முக்கால் பணம்.

வனஜா: பாண்டி அண்ணே சொல்ற அலைச்சல் நிஜம்தான், ஆனா குமரன் தம்பி, வக்கீலே வேணாமே. நாமளே மனு போடலாம், பொருளோட விலை 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மதுரைக்கு ஓட வேணாம், நீங்க இருக்கற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம், ஆன்லைன்லயும் போடலாம். அந்த பில் வாசகத்துக்கு மதிப்பே இல்ல. பழுதான பொருள, பில்லுல சொன்ன கெடுவுக்குள்ள, கெடு எதுவும் போடலன்னா 30 நாளைக்குள்ள திரும்ப எடுத்துக் காசு தரலன்னா அதுவே முறையற்ற வணிகம்னு பிரிவு 2(47)ல இருக்கு.

கடைக்கார அண்ணாச்சி: எல்லாரும் கடைக்காரனையே போட்டு மொத்துங்க. ஃப்ரிட்ஜ் நானா செஞ்சேன்? கம்பெனிக்காரன் மாத்தித் தர்றேன்னு சொல்லாம நான் எடுத்துக்கிட்டா அது என் தலைலதான விடியும்? தரைல போட்டு உடச்சுட்டு டிஃபெக்ட்னு வர்றவங்களும் உண்டு, அதுக்குத்தான் அந்த வரி.

வனஜா: உடச்சவனுக்குச் சொல்லுங்க அண்ணாச்சி, நியாயம். இவரு பன்னெண்டாம் நாளே வந்துருக்காரே. மனுவுல கம்பெனியையும் சேர்த்துப் போடட்டும், யார் தலைல விடியணும்னு ஆணையம் சொல்லும். முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் அடிச்சுப் பாருங்க, சில கம்பெனி அங்கயே இறங்கி வந்துரும்.

பாண்டி: 1915 சொன்னா கேக்கணும்னு கட்டாயமா அக்கா? இல்லல்ல.

வனஜா: கட்டாயம் இல்லதான். ஆனா உங்க ஆர்டர் அப்படி இல்ல அண்ணே. பிரிவு 72ல போடுங்க, ஆணையம் சொன்னத செய்யாதவங்களுக்கு ஒரு மாசத்துலருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 25,000க்குக் குறையாத அபராதம், ரெண்டுமே கூட. ஏன் சும்மா விட்டீங்க?

பாண்டி: அதுக்கும் தனியா வாய்தாம்மா. தெம்பு இல்ல.

குமரன்: சரி நானே எழுதிப் போடுறேன். ஒரு சிக்கல், மெக்கானிக் தந்த ஜாப் ஷீட்ல ரெண்ட தொலச்சுட்டேன்.

கடைக்கார அண்ணாச்சி: தம்பி, கம்பெனிகிட்ட கம்ப்ளைன்ட் நம்பர் மூணும் இருக்கும், உங்க போனுக்கு வந்த மெசேஜ அழிச்சுடாதீங்க. நான் சொன்னேன்னு அந்த மதுரைக்காரர்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்க.