கொசு கடிச்சா மூளை எப்படி வீங்குது? ஜேஇ (ஜப்பானிய மூளைக்காய்ச்சல்) பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

விழுப்புரம்பொண்ணு:
எங்க அக்கா பையன் ஐசியூல இருக்கான், 6 வயசு. மொதல்ல வெறும் காய்ச்சல், தலைவலி, வாந்தி, மாத்திரை குடுத்தோம், மூணாம் நாள் ராத்திரி வலிப்பு வந்து கண்ணு ஒரு பக்கமா சொருகிடுச்சு, அதுக்கப்புறம் கூப்பிட்டா திரும்பல. முதுகுல தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணிட்டு ஜப்பானிய மூளைக்காய்ச்சல்னு சொல்லிட்டாங்க. டாக்டர்கிட்ட நின்னு கேக்க முடியல, வார்டு முழுக்க புள்ளைங்க. கொசு கால்லதான கடிக்குது, அது எப்படி மூளை வரைக்கும் போகுது? வீக்கம்தான் பிரச்சனைன்னா ஸ்டீராய்டு போட்டா வத்தாதா, பக்கத்து பெட்காரங்க அப்படித்தான் சொல்றாங்க. வீட்ல அவன் தங்கச்சிக்கு ஒரு வயசு, அவளுக்கு ஒட்டுமா?

வைரஸ்மாணவன்:
அக்கா, தைரியமா இருங்க. நான் டாக்டர் இல்ல, இந்த வகை வைரஸ் பத்தி ஆராய்ச்சி பண்றவன், தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல பாப்பா விஷயம். ஒட்டாது. பயப்படாம ஒரே வீட்ல வச்சிக்கலாம். இந்த வைரஸ் கொக்கு, நாரை மாதிரி பறவைங்க, அப்புறம் பன்னி, இதுங்க உடம்புலதான் நல்லா பெருகும். நெல் வயல்ல தேங்கி நிக்குற தண்ணில வளர்ற க்யூலெக்ஸ் கொசு அதுங்கள கடிச்சிட்டு நம்மள கடிக்கும், அதுவும் பொழுது சாஞ்ச பிறகு. மனுஷன் ரத்தத்துல வைரஸ் அளவு ரொம்ப கம்மி, அதனால நம்மள கடிச்ச கொசு இன்னொருத்தருக்கு கொண்டு போகாது. பாப்பாவுக்கு தடுப்பூசி போட்டாச்சான்னு மட்டும் கார்டுல பாருங்க, ஜேஇ இருக்குற மாவட்டங்கள்ல 9 மாசத்துல ஒண்ணு, 16லருந்து 24 மாசத்துக்குள்ள ஒண்ணு அரசாங்கமே இலவசமா போடுது.

இப்ப மூளைக்கு எப்படி போகுதுன்னா, கொசு எச்சில் கூட வைரஸ் தோலுக்குள்ள எறங்குது, அங்க இருக்குற எதிர்ப்பு செல்லுக்குள்ளயே பூந்து பெருகி, நெறிக்கட்டு வழியா ரத்தத்துக்கு வந்துடுது. கிட்டத்தட்ட எல்லாருக்கும் கதை இங்கயே முடிஞ்சிடும், காய்ச்சல்கூட வராது. சுமார் 250 பேருக்கு வைரஸ் தொத்துனா ஒருத்தருக்குதான் மூளை வரைக்கும் போகுது. மூளை ரத்தக்குழாய் சுவர்ல செல்லுங்க ரொம்ப இறுக்கமா ஒட்டி இருக்கும், எதையும் லேசுல உள்ள விடாது. மொதல்ல அந்த சுவர் ஒடஞ்சிதான் வைரஸ் போகுதுன்னு நெனைச்சிட்டு இருந்தாங்க, ஆனா எலிங்கள வச்சி பாத்ததுல வைரஸ் முன்னாடியே உள்ள போயி நியூரான, அதாவது மூளையோட நரம்பு செல்ல, புடிச்சிடுது, அதனால கிளம்புற அழற்சிதான் அப்புறம் சுவர ஓட்டை போடுதுன்னு தெரிஞ்சுது. அதாவது வீக்கத்துல பெரும்பங்கு நம்ம உடம்போட வேலை. மூளைக்குள்ள மைக்ரோக்லியான்னு காவல் செல்லுங்க இருக்கு, வைரஸ பாத்ததும் முழிச்சிக்கிட்டு டிஎன்எஃப், இன்டர்லூகின் மாதிரி ரசாயனத்த கொட்டும், வெளியருந்து வெள்ளை அணுக்கள கூப்பிடும், அந்த ரசாயனம் வைரஸ் தொடாத நல்ல நியூரானையும் சேத்து சாகடிக்கும், சுவர் கசிஞ்சு தண்ணி உள்ள எறங்கும், மண்டையோட்டுக்குள்ள விரிய எடம் இல்லாததால அழுத்தம் ஏறும். எம்ஆர்ஐ எடுத்திருந்தா தலாமஸ்னு எழுதிருக்கும் பாருங்க, அது மூளைக்கு நடுவுல இருக்குற ஒரு பகுதி, இந்த வைரஸுக்கு அந்த எடம்தான் ரொம்ப புடிக்கும்.

விழுப்புரம்பொண்ணு:
ஆமா தம்பி, ரிப்போர்ட்ல ரெண்டு பக்கமும் தலாமஸ்னுதான் போட்டிருக்கு. பாப்பா கார்டுல 9 மாசத்து ஊசி இருக்கு. பையனுக்குதான் அப்ப ஊர் மாறுனதுல விட்டுப் போச்சு. அப்ப நம்ம உடம்புதான் இவ்வளவும் பண்ணுதுன்னா ஸ்டீராய்டு குடுத்து அத அடக்குறது சரிதான?

ஐசியூநர்ஸ்:
சிஸ்டர், இத எல்லா அம்மாவும் கேக்குறாங்க, நியாயமான கேள்வி. தாய்லாந்துல ஜேஇ நோயாளிங்களுக்கு டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு குடுத்து பாத்தாங்க, 1992ல ரிசல்ட் வந்துச்சு, குடுத்தவங்க குடுக்காதவங்க ரெண்டு பக்கமும் இறப்புல வித்தியாசம் இல்ல. வியட்நாம்ல புள்ளைங்களுக்கு இன்டர்ஃபெரான்னு வைரஸ எதிர்க்குற மருந்து போட்டு பாத்து 2003ல அதுலயும் பலன் இல்லன்னு சொல்லிட்டாங்க. அதே எதிர்ப்பு சக்திதான் வைரஸையும் வெளியேத்தணும், மொத்தமா அமுக்குனா அதுவும் நின்னுடும், அதோட நோயாளி வர்றப்பவே பாதி சேதம் ஆகியிருக்கும். அதனால ஸ்டீராய்டு போடலன்னு டாக்டர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க. வலிப்ப நிறுத்துறது, தல பக்கத்த ஒசத்தி வைக்கிறது, அழுத்தம் ஏறுனா அத கொறைக்க மானிட்டால் மருந்து போடுறது, மூச்சு, சுகர், உப்பு கவனிக்கிறது, இதுதான் உசுர காப்பாத்துது. கண்ணு தொறந்துட்டான்னு ஆசையில யாரும் வாயில தண்ணி ஊத்திடாதீங்க, முழுங்க வராது, நுரையீரலுக்கு போயிடும்.

வைரஸ்மாணவன்:
நர்ஸ் அக்கா சொன்னது சரி. மூளைக்குள்ள போன பிறகு அடிக்க இன்னும் மருந்து இல்ல, அதான் ஊசிய பத்தி நான் எல்லார்கிட்டயும் கத்திக்கிட்டே இருக்கேன். இந்தியாவுல இந்த நோய மொதல்ல கண்டுபிடிச்சதே 1955ல நம்ம வேலூர் பக்கம்தான், ஆனா 2005ல உத்தரப்பிரதேசத்துல கோரக்பூர் பக்கம் 1,000 பேருக்கு மேல செத்த பிறகுதான் 2006ல பெரிய அளவுல தடுப்பூசி ஆரம்பிச்சாங்க. நடுவுல 50 வருஷம் போயிடுச்சு, நெனைச்சாலே வயிறு எரியுது.

கடலூர்அப்பா:
என் பொண்ணுக்கு இதே நோய் வந்து பொழைச்சா. மறைக்காம சொல்றேன், பொழைக்கிற புள்ளைங்கள்ல நெறைய பேருக்கு ஏதாவது ஒரு கொற தங்கிடும். இவளுக்கு நெனவு வந்தப்ப மொகத்துல அசைவே இல்ல, பொம்ம மாதிரி பாத்துக்கிட்டே இருப்பா, கை நடுங்கும், எங்கள அடையாளம் தெரிஞ்சுது ஆனா பேச்சு வரல. அந்த தலாமஸ் பக்கத்துல அடி பட்டா பார்க்கின்சன் (நடுக்குவாதம்) மாதிரி வரும்னு பிசியோ அக்கா சொன்னாங்க. வார்டுல இருக்குறப்பவே கை கால் நீட்டி மடக்குற பயிற்சிய ஆரம்பிக்க சொல்லி கேளுங்க, விட்டா கணுக்கால் இறுகிடும். பேச்சுப் பயிற்சியும் சேத்து கேளுங்க. இவளுக்கு மொதல்ல நடுக்கம் கொறஞ்சுது, அப்புறம் பேச்சு, இப்ப ஸ்கூல் போறா, எழுதத்தான் கொஞ்சம் மெதுவா வருது. மாவட்ட அரசு ஆஸ்பத்திரிலயே குழந்தைங்களுக்கான மையம் இருக்கும், டிஸ்சார்ஜ் அன்னிக்கே அங்க போறதுக்கு சீட்டு எழுதி வாங்கிடுங்க.