பினாங்கில் மூணு நாள், அம்மாவோட போறேன்: வழி சொல்லுங்க

வணக்கம். கடலூர் முதுநகர்லேர்ந்து எழுதுறேன். என் தாத்தா நாகப்பட்டினத்துல ராஜுலா கப்பல் ஏறி பினாங்கு போனவர். அவரோட தகரப்பெட்டி மூடியில வெள்ளை பெயிண்ட்ல எழுதின ஊர் பேரு இன்னும் அழியல. அதைத் தடவிப் பாத்துட்டு, "ஒரு தடவை கூட்டிட்டுப் போடா"ன்னாங்க அம்மா. மாசியில கிளம்புறோம்.

பினாங்கோட தலைநகர் ஜார்ஜ் டவுன்ல குயின் தெரு மாரியம்மன் கோயில், சூலியா தெரு நாகூர் தர்கா ரெண்டும் கிட்டகிட்ட, ஒரே காலையில பாத்துடலாம். தண்ணீர்மலை முருகன்தான் கவலை. 500க்கு மேல படி, அம்மாவுக்கு முட்டி வலி. வண்டி எதுவரைக்கும் போகும்?

சாப்பாட்டுக்கு, நல்ல மீன் குழம்போட நாசி கண்டார் (சோத்து மேல பலவிதக் குழம்பு ஊத்தித் தர்றது) எங்க? சார் குவே தியாவ்ங்கிற வறுத்த அரிசி நூடுல்ஸ்ல பன்றிக் கொழுப்பு சேப்பாங்க, அம்மாவுக்கு ஆகாது. அது இல்லாம எறா போட்டுத் தர்ற கடை தெரிஞ்சவங்க சொல்லுங்க.