ரெட் டாட் நடுவுல செத்துப் போச்சு, ஏஆருக்கு பேக்கப் அயர்ன் சைட் எது வாங்கலாம்?

கேட்டிக்காரன்:
வணக்கம் மக்களே, இருக்கறது ஹூஸ்டன் பக்கம். க்ரீன் கார்டு வந்தப்புறம் தான் துப்பாக்கிப் பக்கமே வந்தேன், போன வருஷம் 16 இன்ச் பேரல் ஏஆர்-15 ரைஃபிள் ஒண்ணு வாங்கினேன், மேல ஒரு ரெட் டாட் (பேட்டரில ஓடற, கண்ணாடில சிவப்புப் புள்ளி காட்டற சைட்), அவ்வளவு தான், அயர்ன் சைட் (பேட்டரி இல்லாதது, முன்னாடி ஒரு குச்சி, பின்னாடி ஒரு ஓட்டை) எதுவும் மாட்டலை, எதுக்கு தண்டச் செலவுன்னு விட்டுட்டேன். போன சனிக்கிழமை ரேஞ்சுல ரெண்டாவது மேகசின் பாதியில டாட் காணாம போயிடுச்சு. பட்டனை அமுக்கறேன், பேட்டரி மூடியைக் கழட்டித் திரும்ப மாட்டறேன், ம்ஹூம். பக்கத்து லேன்ல இருந்த வெள்ளைக்காரத் தாத்தா எட்டிப் பார்த்துட்டு, அயர்ன் சைட் இல்லையாப்பான்னு கேட்டார், இல்லைன்னதும் ஒரு பார்வை பார்த்தார் பாருங்க. பேசாம பையைக் கட்டிட்டு வந்துட்டேன்.

ஹேண்ட்கார்டு (பேரலைச் சுத்தி இருக்கற கைப்பிடி உறை) 15 இன்ச், பேரலைத் தொடாத ஃப்ரீ ஃப்ளோட் டைப், மேல கடைசி வரைக்கும் சைட் மாட்டற பள்ளம் போட்ட பிக்காட்டினி ரெயில். டாட் மவுன்ட் லோயர் ஒன் தேர்ட் உயரம். பிளாஸ்டிக்கா மெட்டலா, மடக்கறதா நிலையா நிக்கறதா, 45 டிகிரி சாய்ஞ்சு நிக்கற டைப்பா? யூட்யூப் பார்த்துப் பார்த்துத் தலை சுத்துது, நம்ம ஆளுங்க யாராவது யூஸ் பண்ணவங்க சொல்லுங்க.

ஒஹாயோ அண்ணாச்சி:
தம்பி, உன் செட்டப்புக்கு மடக்கற டைப் போதும். மேக்பல் எம்பியூஎஸ், பாலிமர் தான், முன்னாடி பின்னாடி சேர்த்து ஏறக்குறைய நூறு டாலர் ஆகும். படுத்துக் கிடக்கும், தட்டினா ஸ்ப்ரிங்ல எந்திரிச்சு நிக்கும். என்கிட்ட ஆறு வருஷமா கிடக்கு, ட்ரக் பின்னாடி சீட்டுக்கு அடியில உருண்டு, ஒரு தடவை கான்க்ரீட்ல விழுந்து, எல்லாம் பார்த்தாச்சு. மெட்டல் தான் வேணும்னா அதே கம்பெனில ப்ரோ மாடல் இருக்கு, ஸ்டீல், மடக்கினா இன்னும் தட்டையா உட்காரும், விலை கிட்டத்தட்ட டபுள்.

ஒண்ணே ஒண்ணு, பாலிமர் ஃப்ரன்ட் சைட்டை, பேரல்ல உட்கார்ந்திருக்கற கேஸ் பிளாக் மேல மாட்டாதே, நாலு மேகசின் வேகமா அடிச்சா அந்த இடம் தோசைக்கல்லு மாதிரி காயும், கம்பெனியே வேண்டாம்னு சொல்றான். உனக்கு ஹேண்ட்கார்டு ரெயில் இருக்கறதால பிரச்சனை இல்லை. முன்னாடி சைட்டை எவ்வளவு முன்னாடி தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளு, பின்னாடி சைட்டை ரிசீவர் ரெயில்ல கடைசி பள்ளத்துல வை. ரெண்டுக்கும் நடுவுல தூரம் கூடக் கூட கண் பண்ற தப்பு குறையும். பழைய எம்4 கார்பைன்ல அந்த தூரம் 14.5 இன்ச், 20 இன்ச் பேரல் எம்16 ஏ2 ரைஃபிள்ல 19.75. உன் 15 இன்ச் ஹேண்ட்கார்டுக்கு நீ ஏ2 பக்கத்துல வந்துடுவே, சும்மா கிடைக்கற லாபம் அது.

மதுரைப்பையன்_ஃபீனிக்ஸ்:
அண்ணாச்சி சொன்னதுல பாதி தான் ஒத்துக்குவேன். மடக்கற சைட்னா தேவைப்படற நேரத்துல நிமித்தணும், அந்த ஒரு செகண்ட்ல தான் எல்லாரும் தடுமாறுவாங்க. நான் டேனியல் டிஃபென்ஸ் ஃபிக்ஸட் செட் போட்டிருக்கேன், எப்பவும் நிக்கும், டாட் இருந்தாலும் இல்லைன்னாலும் அங்கயே இருக்கு. லோயர் ஒன் தேர்ட் மவுன்ட்டுக்கு அது சரியா வரும், சைட் கண்ணாடியோட கீழ் மூணுல ஒரு பங்குல மட்டும் தெரியும், மேல சுத்தமா இருக்கும். அப்சல்யூட் உயரம்னா தான் போஸ்ட் (முன்னாடி சைட் குச்சி) நடு மத்தியில வந்து கண்ணை உறுத்தும், அதுக்கு மடக்கறது நல்லது. இப்ப 1.93 இன்ச் உயர மவுன்ட் ஃபேஷனா ஆயிடுச்சு, அது வெச்சிருக்கறவங்க சாதா உயர சைட் வாங்கினா கன்னத்தை ஸ்டாக்ல அழுத்திக் கீழ இறங்கித் தேடணும், வாங்கறதுக்கு முன்னாடி யோசிங்க.

அப்புறம் தம்பி, ஹேண்ட்கார்டு மேல சைட் மாட்டினா ஹேண்ட்கார்டு ஆடக் கூடாது. சுத்தி விடாம பிடிக்கற சின்ன காது ரெண்டு இருக்கான்னு பாருங்க. நான் முதல்ல மலிவா ஒரு ஹேண்ட்கார்டு போட்டு (பேர் வேண்டாம்) அது மயிரிழை திரும்பி, நான் ரெண்டு வாரம் பின்னாடி சைட்டோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்.

டென்வர்_ராசு:
45 டிகிரி பத்தி யாரும் சொல்லலையே. அது ரெட் டாட் காரங்களுக்கு இல்லைங்க, 1-6 மடங்கு பெருசாக்கிக் காட்டற மாதிரி ஸ்கோப் போட்டவங்களுக்கு. ஸ்கோப்புக்கு அடியில மடக்கின சைட் இருந்தா ஸ்கோப்பைக் கழட்டினா தான் பார்க்க முடியும், சட்டுன்னு கழட்டற க்விக் டிடாச் மவுன்ட் இல்லைன்னா அது வெறும் அலங்காரம். அதனால ரைஃபிளை லேசா சாய்ச்சா கண்ணுக்கு வர்ற மாதிரி பக்கவாட்டுல மாட்டறாங்க. என் ஸ்கோப்ல குறி பார்க்கற கோடு கண்ணாடிலயே செதுக்கினது, பேட்டரி போனாலும் கறுப்பா தெரியும், அதனால நான் அயர்னே போடலை. ரெட் டாட்டே வேணும்னா, ஏம்பாயின்ட் ப்ரோ மாதிரி எடுத்தா ஒரு பேட்டரிக்கே 30,000 மணி நேரம் வரும். அயர்ன் வாங்கற காசை நல்ல டாட்ல போடலாம்ங்கறது என் கட்சி.

மதுரைப்பையன்_ஃபீனிக்ஸ்:
ராசு, பேட்டரி மட்டுமா சாகும்? கண்ணாடில சேறு அடிச்சா, மழைத்துளி நின்னா, ஏசி கார்ல இருந்து வெளிய எடுத்ததும் பனி மாதிரி படிஞ்சா? ஹூஸ்டன் ஆகஸ்ட்ல அது தினசரி கதை. அப்ப டாட்டைக் கழட்டி வெச்சுட்டு அயர்ன்ல பார்க்கலாம்ல.

கேட்டிக்காரன்:
ஆமா ராசு, இங்க மூக்குக்கண்ணாடியே காரை விட்டு இறங்கினா வெள்ளையாகிடும். அண்ணாச்சி, எம்பியூஎஸ் ஆர்டர் போட்டுட்டேன், நான் மெதுவா அடிக்கற ஆளு, மடக்கறதே போதும்னு முடிவு. ஜீரோ (குறி பார்த்த இடத்துலயே குண்டு விழற மாதிரி சைட்டைச் சரி பண்றது) எப்படிப் பண்றது? டாட் இருக்கும்போதே அதுக்கு நேரா போஸ்டைத் திருப்பினா போதுமா?

ஒஹாயோ அண்ணாச்சி:
அது தான் பாதிப் பேர் பண்ற சோம்பேறித்தனம். டாட்டை வெச்சு ஒரு தோராயத்துக்கு வந்துக்கோ, தப்பில்லை, ஆனா அப்புறம் டாட்டை ஆஃப் பண்ணிட்டு அயர்னை மட்டும் பார்த்து அடி. 25 கஜத்துல பேப்பர்ல விழ வெச்சிட்டு 50 கஜத்துக்குப் போ. சாதா 5.56 ரவுண்டுக்கு 50-ல ஜீரோ வெச்சா கிட்டத்தட்ட 200-ல மறுபடி அதே உயரத்துக்கு வரும், நடுவுல ரெண்டு இன்ச்சுக்கு மேல ஏறாது.

ரைஃபிள்ல ரவுண்டு இல்லைன்னு பார்த்துட்டுத் தான் சைட்டைத் தொடணும். குண்டு கீழ விழுதா? போஸ்டை உள்ள இறக்கணும், தூக்கக் கூடாது. வலது பக்கம் திருகினா இறங்கும், அடி மேல ஏறும். முதல் நாள் நான் தலைகீழா திருகி ஒரு பெட்டி தோட்டாவை மண்ணுக்கு மொய் எழுதினேன். பின்னாடி சைட் அப்படி இல்லை, குண்டு எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கமே நகர்த்து. சின்ன ஓட்டையை வெச்சு ஜீரோ பண்ணு, பெரிய ஓட்டை கிட்டத்துல வேகமா அடிக்கறதுக்கு. பார்வையை போஸ்ட் நுனில நிறுத்து, டார்கெட் மங்கலா தெரிஞ்சா தெரியட்டும்.

ரெண்டும் ஜீரோ ஆயிடுச்சுன்னா டாட்டை ஆன் பண்ணிட்டு தலையைக் கொஞ்சம் இறக்கி அயர்ன் வழியா பாரு, டாட் போஸ்ட் நுனில வந்து உட்காரும். ஒரு நாள் உட்காரலைன்னா எதுவோ ஒண்ணு நகர்ந்திருக்குன்னு அர்த்தம், ஒரு ரவுண்டு கூட செலவில்லாம தெரிஞ்சிடும். எனக்கு அயர்ன் வேணும்ங்கறதுக்கு பேட்டரியை விட இது தான் பெரிய காரணம்.

டென்வர்_ராசு:
இது நல்ல பாயின்ட், ஒத்துக்கறேன்.

புதுசா வந்தவன்:
சம்பந்தமில்லாத கேள்வி, நான் எச்1பி, நானும் வாங்கலாமா?

ஒஹாயோ அண்ணாச்சி:
நான்-இமிக்ரன்ட் (எச்1பி மாதிரி தற்காலிக) விசால இருக்கறவங்க வாங்கறதுக்கும் வெச்சுக்கறதுக்கும் ஃபெடரல் சட்டத்துல தடை இருக்கு. வேலிட் ஹன்டிங் லைசன்ஸ் மாதிரி சில விலக்கு உண்டு, ஆனா ஃபோரம்ல கேட்டு முடிவு பண்ணாதே, வக்கீலைப் பாரு. விசா விஷயம்.

கேட்டிக்காரன்:
அப்டேட். சைட் வந்துச்சு, நேத்து போனேன். பதினேழாவது ரவுண்டுல 50 கஜத்துல உள்ளங்கை அளவுக்குள்ள வந்துடுச்சு. இன்னொரு ஆச்சரியம், எனக்கு ஆஸ்டிக்மாட்டிசம் இருக்கறதால டாட் எப்பவும் வால் முளைச்ச நட்சத்திரம் மாதிரி தான் தெரியும், கடன் வாங்கின டாட்டை பின்னாடி சைட் ஓட்டை வழியா பார்த்தேன், உருண்டையா சுத்தமா ஒரே புள்ளி. செத்த டாட் வாரன்ட்டிக்குப் போயிருக்கு. தாத்தா நேத்தும் வந்திருந்தார், சைட்டைப் பார்த்தார், ஒண்ணும் சொல்லலை, ஒரு தலையாட்டல்.