டிஸ்கிரிமினேஷன்: கடற்கரை மெட்டல் டிடெக்டர் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். கடற்கரையிலும் உப்புத்தண்ணீரிலும் தேட எந்த மெட்டல் டிடெக்டர் வாங்கலாம் என்று சொல்லும் கையேடு ஒன்று கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கருவிக்கு 'உலோகங்காட்டி' என்று வைத்துவிட்டேன். மாட்டிக்கொண்டது 'டிஸ்கிரிமினேஷன்' என்ற இடத்தில். ஆணியா, தகர மூடியா, மோதிரமா என்று ஓரளவு இனம் பார்த்து, வேண்டாததற்கு ஒலி எழுப்பாமல் இருக்கும் வசதி அது. அகராதி 'பாகுபாடு' என்கிறது. "இந்தக் கருவியில் பாகுபாடு அதிகம்" என்று அச்சிட்டால் யார் வாங்குவார்கள்? அட்டவணையில் இடமும் குறைவு. சின்னச் சொல்லாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

புலவர் ஐயா:
தம்பி, பாகுபாடு இருக்கட்டும், கருவியின் பெயரே பிழை. 'உலோகம்' வடசொல், 'லோஹ' என்பது முதலில் செம்பைக் குறித்தது. தமிழில் உலோகத்துக்கெல்லாம் பொதுப்பெயர் 'பொன்'. இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன், ஐந்தும் கூடினால் ஐம்பொன். ஆகவே 'பொன்காட்டி'. அது பிடிக்காவிட்டால் 'மாழைகாட்டி'. மாழை என்றாலும் உலோகமே. மாமரத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. மாந்தளிரின் நிறமும் செம்பின் நிறமும் ஒன்றாக இருப்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

இயற்பியல் ஆசிரியை:
ஐயா, 'பொன்காட்டி' என்று போட்டால் தங்கம் மட்டும் காட்டும் என்று நம்பி வாங்குவார்கள். முதல் நாளே துருப்பிடித்த ஆணி வரும். நுகர்வோர் நீதிமன்றத்தில் மாமரம் வந்து சாட்சி சொல்லாது. தம்பி கேட்டது வேறு. வகுப்பில் நான் 'பிரித்தறிதல்' என்றுதான் சொல்கிறேன்.

மணவாளக்குறிச்சிப் பக்கத்து அன்பர்:
'அறிதல்' வேண்டாம் அக்கா. கருவி எதையும் அறிவதில்லை. சுருள் அனுப்பும் அலைக்கு மண்ணுக்குள்ளிருந்து வரும் பதில் எவ்வளவு பிந்துகிறது என்று பார்க்கிறது, அவ்வளவுதான். குளிர்பானக் கேனைத் திறக்கும் வளையமும் தங்க மோதிரமும் அதற்கு ஏறக்குறைய ஒன்று. வளையத்துக்கு ஒலிக்காதே என்றால் மோதிரத்துக்கும் ஒலிக்காது.

கடற்கரையில் இன்னும் மோசம். உப்பில் ஊறிய மணல் மின்சாரத்தைக் கடத்தும். மெல்லிய தங்கச் சங்கிலியின் பதில் எவ்வளவு பிந்துமோ, ஏறக்குறைய அவ்வளவே அந்த மணலின் பதிலும் பிந்தும். எங்கள் ஊர்போலக் கருமணலும் இருந்தால் ஒற்றை அதிர்வெண் கருவி திணறும். கருமணலுக்கு ஒலிக்காதபடி கருவியைச் சமன்செய்தால் உப்புக்குக் கத்தும், உப்புக்குச் சமன்செய்தால் கருமணலுக்குக் கத்தும். அதனால்தான் ஈரமணலுக்கு மைன்லேப் ஈக்வினாக்ஸ் மாதிரி பல அதிர்வெண் கருவி. அப்புறம் காரெட் சீ ஹண்டர் மாதிரி, தொடர் அலைக்குப் பதில் விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பும் துடிப்பு வகையும் உண்டு. அது உப்பைக் கண்டுகொள்ளாது, ஆனால் இரும்பைத் தள்ளிவிடுவதில் அதை நம்ப முடியாது. ஆணி ஆணியாகத் தோண்ட வேண்டும். என் சொல் 'ஒதுக்கல்'.

ஆசிரியை:
ஒதுக்கலா! பாகுபாட்டுக்குப் பயந்து ஓடி அதன் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டோம்.

புலவர் ஐயா:
'தெரிப்பு' என்று வையுங்கள். தெரி என்றால் புலப்படு, தேர்ந்தெடு என இரண்டு பொருளும் உண்டு. 'தெரிந்து வினையாடல்' என்ற அதிகாரத்தை நினைவுகூர்க. நீரை விலக்கிப் பாலை உண்ணும் அன்னமும் தெரிந்துதான் உண்கிறது. ஈரமணல் என்பதற்கும் 'அலைவாய்' என்ற அழகான சொல் இருக்கிறது. திருச்செந்தூருக்குச் சீரலைவாய் என்று பெயர் வந்தது...

யாழ்ப்பாணத்து அன்பர்:
ஐயா, எங்கள் பக்கம் 'தெரிவு' என்றால் தேர்ந்தெடுப்பது. கருவியின் திரையில் 'தெரிவுகள்' என்று ஒரு பட்டியலே இருக்கும். பக்கத்தில் 'தெரிப்பு' வந்தால் எந்தப் பொத்தானை அழுத்துவது?

ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அன்பர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கையேட்டில் இது இருக்கிறதா?

மொழிபெயர்ப்பாளர்:
இல்லை ஐயா, சேர்க்கச் சொல்கிறேன். சொல் விஷயத்தில், ஆசிரியை அக்கா தனிமடலில் சொன்ன 'வகைபிரிப்பு' பலருக்கும் சரி என்று படுகிறது. அட்டவணைக் கட்டத்திலும் அடங்குகிறது. இன்று இரவு அனுப்பிவிடுகிறேன்.

மணவாளக்குறிச்சிப் பக்கத்து அன்பர்:
எனக்கு உடன்பாடில்லை. வகை பிரிக்கத் தெரிந்த கருவி என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். "ஈரமணலில் வகைபிரிப்பைக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் மெல்லிய சங்கிலி விட்டுப்போகும்" என்று ஒரு வரி போட்டால் வாயை மூடிக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
போட்டாயிற்று அண்ணா. மண்ணுக்கு ஒலிக்காதபடி கருவியைச் சமன்செய்யும் 'கிரவுண்ட் பேலன்ஸ்' என்பதற்கு யாரையும் கேட்காமல் 'மண்சமன்' என்று வைத்திருக்கிறேன்.

புலவர் ஐயா:
'சமன்' வடசொல்.

ஆசிரியை:
"சமன்செய்து சீர்தூக்குங் கோல்" குறளிலேயே இருக்கிறதே ஐயா?

புலவர் ஐயா:
அது பற்றித் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன். மாழை பற்றியும் யாரும் இன்னும் விடை சொல்லவில்லை.