மே 1: பேஸ்பாலில் இந்த நாள் யாருடையது?

ஆர்லிங்டன்வாசி:
ஒவ்வொரு வருஷமும் மே 1 வந்தால் எனக்கு 1991தான் ஞாபகம் வரும். டெக்சாஸில் மாணவனாக இருந்தேன். மறுநாள் பரீட்சை. அதனால் மைதானத்துக்குப் போகாமல் வீட்டில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) நோலன் ரயானுக்கு அப்போது 44 வயது. ஆட்டத்துக்கு முன்னாலேயே முதுகு வலிக்கிறது, உடம்பெல்லாம் வலிக்கிறது என்று பிட்சிங் கோச் டாம் ஹவுஸிடம் சொல்லியிருக்கிறார். அந்த உடம்போடு டொரான்டோ ப்ளூ ஜேஸ் அணியை ஒரு ஹிட் கூட அடிக்கவிடாமல் அனுப்பினார். 16 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமலே அவுட் ஆவது), 3-0. அது அவருடைய ஏழாவது நோ-ஹிட்டர். அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கிற சாண்டி கோஃபாக்ஸுக்கு நான்குதான். என்னைப் பொறுத்தவரை மே 1 ரயானின் நாள். மறுக்கிறவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்பேஸ்:
நான் மறுக்கிறேன், ஐயா. அதே நாள், அதே 1991. பகலில் ஓக்லாந்தில் ரிக்கி ஹெண்டர்சன் மூன்றாவது பேஸைத் திருடினார். 939வது திருட்டு. லூ பிராக்கின் 938ஐத் தாண்டிய தருணம். பிராக் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரிக்கி பேஸைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். சில மணி நேரம்தான். ராத்திரி ரயான் வந்து அந்த நாளை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார். பாதி நாள் கூட ரிக்கிக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் இப்போது செய்வதும் அதுதான்.

ஆர்லிங்டன்வாசி:
தம்பி, ரிக்கியை நான் குறைத்துச் சொல்லவே இல்லை. ஆனால் அவர் சாதனை ஏறிக்கொண்டே போகிற கணக்கு. 938க்குப் பிறகு 939 என்றைக்காவது வரத்தான் போகிறது, எந்த நாள் என்பது மட்டும்தான் கேள்வி. நோ-ஹிட்டர் அப்படியில்லை. 44 வயதுக்காரரிடம் அன்று அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. கடைசி பேட்டர் ராபர்டோ அலோமரை ஸ்ட்ரைக் அவுட் செய்தாரே, அந்தப் பையனுடைய அப்பா சாண்டி அலோமர் 1973ல் ஏஞ்சல்ஸில் ரயானோடு ஒரே அணியில் ஆடியவர். ரயான் தன் முதல் நோ-ஹிட்டரை வீசிய வருஷம் அது. அப்பாவோடு ஆடி, மகனை அவுட்டாக்கி முடித்தார்.

மூன்றாம்பேஸ்:
"வரத்தான் போகிறது" என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். பிராக் 19 சீசன் ஓடிச் சேர்த்ததை ரிக்கி தன் 13வது சீசனிலேயே தாண்டினார். அப்போது வயது 32. அதற்குப் பிறகும் நிற்கவில்லை, 1,406ல் முடித்தார். பிராக்கை விட 468 அதிகம். சாதனையை முறியடிப்பதும், அதன் மேல் இன்னொரு பாதியைக் கட்டி வைப்பதும் ஒன்றா?

இன்னொன்று. அன்று மைக்கில் அவர் பேசியதைப் பலர் திமிர் என்றார்கள். "லூ பிராக் பேஸ் திருட்டின் அடையாளமாக இருந்தவர், ஆனால் இன்று எல்லாக் காலத்துக்கும் நானே தலைசிறந்தவன்" என்பதுதான் அவர் சொன்னது. அந்த வரிகளைப் பிராக்கோடு முன்கூட்டியே பேசி வைத்திருந்ததாக ரிக்கி பின்னால் விளக்கினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரயான் அடக்கமான கிழவர், ரிக்கி கர்வி என்று அந்த ஒரு நாளில் இரண்டு பேருக்கும் முத்திரை விழுந்துவிட்டது. 2024 டிசம்பரில் ரிக்கி இறந்தபோதுகூட எத்தனையோ பேர் முதலில் அந்தப் பேச்சைத்தான் எடுத்தார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

புதுவரவு:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். நான் கிரிக்கெட் மட்டும் பார்த்து வளர்ந்தவன், பேஸ்பால் இப்போதுதான் பழகுகிறேன். பேஸ் "திருடுவது" என்றால் என்ன? பந்தை அடிக்காமலேயே ஓடுவதா?

மூன்றாம்பேஸ்:
ஆமாம் சகோ. பிட்சர் பேட்டருக்குப் பந்து வீசத் தொடங்கும் நொடியில் பேஸில் நிற்பவர் அடுத்த பேஸுக்குப் பாய்வார். பந்து கேட்சர் கைக்குப் போய், அவர் எறிந்து, அங்கே நிற்பவர் பிடித்து ஓடுபவரைத் தொடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். மூன்றாவது பேஸ் கேட்சருக்கு அருகில் இருப்பதால் எறிய வேண்டிய தூரம் குறைவு. அன்று ரிக்கி போனது மூன்றாவதுக்கு.

நோ-ஹிட்டர் என்றால் ஒன்பது இன்னிங்ஸிலும் எதிரணிக்கு ஒரு ஹிட் கூட இல்லை. வாக் (நான்கு தவறான பந்துக்கு இலவசமாக முதல் பேஸ்) வாங்கிப் போகலாம், ஃபீல்டிங் பிழையால் போகலாம், அடித்துப் போக முடியாது.

கடைசிஇன்னிங்ஸ்:
இரண்டு பேரும் 1991லேயே நின்றுவிட்டீர்கள். நான் 1920க்குப் போகிறேன். பாஸ்டன், பிரேவ்ஸ் ஃபீல்டு. புரூக்ளின் ராபின்ஸும் பாஸ்டன் பிரேவ்ஸும் 26 இன்னிங்ஸ் ஆடி 1-1 என்று சமனில் முடித்தார்கள். இருட்டிவிட்டது என்று அம்பயர் நிறுத்தினார். அந்த 26 இன்னிங்ஸையும் புரூக்ளினுக்கு லியோன் கடோர் ஒருவரே வீசினார், பாஸ்டனுக்கு ஜோ எஷ்கர் ஒருவரே வீசினார். மாற்று பிட்சர் என்ற பேச்சே இல்லை. புரூக்ளின் ஐந்தாவதில் ஒரு ரன், பாஸ்டன் ஆறாவதில் ஒரு ரன், அதற்கப்புறம் இருபது இன்னிங்ஸ் இரண்டு பக்கமும் பூஜ்ஜியம். மொத்தம் எடுத்துக்கொண்ட நேரம் 3 மணி 50 நிமிடம்! பாஸ்டனின் சார்லி பிக் 11 முறை பேட் பிடித்து ஒரு ஹிட் கூட இல்லாமல் வீடு போனார். மூன்று நாளைக்குத் தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை என்று கடோர் பின்னாளில் சொன்னார்.

புரூக்ளினின் கதை அதோடு முடியவில்லை. மறுநாள் ஊர் திரும்பி பிலடெல்பியாவிடம் 13 இன்னிங்ஸில் தோல்வி. அதற்கு மறுநாள் மறுபடியும் பாஸ்டன் போய் 19 இன்னிங்ஸில் தோல்வி. மூன்று நாளில் 58 இன்னிங்ஸ், ஒரு வெற்றி இல்லை.

ரயான் சாதனையை இன்னொருவர் தாண்டலாம், ரிக்கியுடையதையும் தாண்டலாம், மிகக் கஷ்டம் ஆனால் வழி இருக்கிறது. 1920ஐத் தாண்ட வழியையே அடைத்துவிட்டார்கள். இப்போது வழக்கமான சீசன் ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போனால் இரண்டாவது பேஸில் சும்மா ஒரு ஆளை நிறுத்திவிட்டுத் தொடங்குகிறார்கள். அந்த விதியோடு 26 இன்னிங்ஸ் நினைத்துப் பார்க்கவே முடியாது.

ஆர்லிங்டன்வாசி:
ஆட்டம் அருமைதான், ஆனால் முடிவே இல்லாத ஒன்றை அந்த நாளின் உச்சம் என்று எப்படிச் சொல்வது? மனிதர்களின் தாக்குப்பிடிக்கும் சக்தி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு விசித்திரம். விளையாட்டை அது எந்தப் பக்கமும் திருப்பவில்லையே.

கடைசிஇன்னிங்ஸ்:
திருப்பியது வேண்டுமா? அதே நாளில் இருக்கிறது. 1920 மே 1, நியூயார்க், போலோ கிரவுண்ட்ஸ். பேப் ரூத் யாங்கீஸ் சட்டையில் அடித்த முதல் ஹோம் ரன் அன்றுதான். எதிரே யார்? அவரை விற்ற பாஸ்டன் ரெட் சாக்ஸ். அந்த வருஷம் 54ல் முடித்தார். அதற்கு முந்தைய வருஷத்துச் சாதனை 29, அதுவும் அவருடையதே. ஒரே மாலையில் பாஸ்டனில் பழைய பேஸ்பால், ஒரு ரன்னுக்காக நாள் முழுக்க இழுபறி. நியூயார்க்கில் புதிய பேஸ்பால், ஒரே அடியில் பந்து வேலிக்கு வெளியே. இதைவிட என்ன வேண்டும் ஐயா?

மூன்றாம்பேஸ்:
இது எனக்குத் தெரியாது, அண்ணா. நான் சொன்ன அதே கதை! கடோரும் எஷ்கரும் உயிரைக் கொடுத்தார்கள், ரூத் ஒரு அடியில் நாளைக் கொண்டுபோய்விட்டார்.

தெற்குசிகாகோ:
எல்லோருக்கும் வணக்கம். 1884ஐயும் 1951ஐயும் யாராவது சொல்வார்கள் என்று இவ்வளவு நேரம் காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. அதுவே எனக்கு வருத்தம்.

1951 மே 1, சிகாகோ கொமிஸ்கி பார்க். முந்தின நாள்தான் கிளீவ்லாண்டிலிருந்து வாங்கப்பட்ட கியூபாக்காரர் மினி மின்யோசோ, வைட் சாக்ஸுக்கு ஆடிய முதல் கறுப்பின வீரராக இறங்கினார். யாங்கீஸின் விக் ராஷி வீச, முதல் பேட்டிங்கிலேயே ஹோம் ரன். அந்த அணியின் ஐம்பது வருஷ வெள்ளை வரிசை அந்த ஒரு அடியில் உடைந்தது. அதே ஆட்டத்தில், அதே யாங்கீஸுக்காக, 19 வயசுப் பையன் ஒருவன் தன் முதல் மேஜர் லீக் ஹோம் ரன்னை அடித்தான். மிக்கி மேன்டில். பின்னால் 536 அடித்தவர். ஆட்டத்தையும் யாங்கீஸ்தான் ஜெயித்தது, 8-3.

இன்றைக்கு அந்தத் தேதிக்கு எந்தப் பட்டியலைத் திறந்தாலும் மேன்டில் பெரிய எழுத்தில், மின்யோசோ அடுத்த வரியில். அந்த வருஷம் சிறந்த புதுமுகத்துக்கான விருதும் மின்யோசோவுக்கு வரவில்லை, யாங்கீஸின் கில் மெக்டூகால்டுக்குப் போனது. 2015ல் மின்யோசோ இறந்தார். பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் 2022ல் சேர்த்தார்கள். உயிரோடு இருந்து கேட்க வேண்டியதை அவர் கேட்கவே இல்லை.

ஆர்லிங்டன்வாசி:
அக்கா, மின்யோசோவுக்கு நடந்தது அநியாயம். அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் நாம் பேசுவது அந்த நாளில் மைதானத்தில் நடந்ததைப் பற்றி. கறுப்பின வீரர் என்ற கதவை ஜாக்கி ராபின்சன் நான்கு வருஷம் முன்பே திறந்துவிட்டாரே.

தெற்குசிகாகோ:
ஒரு அணியின் கதவைத் திறந்தார். 1951 மே மாதம் மொத்தம் 16 அணி, வைட் சாக்ஸ் ஆறாவது. அன்று எதிரே நின்ற யாங்கீஸ் 1955ல் எல்ஸ்டன் ஹவர்ட் வரும்வரை திறக்கவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் முதல் ஆளாக நின்று வசவு வாங்கித்தான் அது நடந்தது. மின்யோசோ 10 சீசன்களில் லீகிலேயே அதிகமாக உடம்பில் பந்தடி வாங்கியவர். பேட்டிங் பிளேட்டை ஒட்டி நிற்பார், நகர மாட்டார்.

கதவு என்றால் 1884க்கு வாருங்கள். மே 1. மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர், டொலீடோ அணியின் கேட்சர். ஓபர்லின் கல்லூரியில் படித்தவர். அன்று அமெரிக்கன் அசோசியேஷனில் முதல் ஆட்டம். அது அப்போது மேஜர் லீக். ராபின்சனுக்கு 63 வருஷம் முன்பு! ஆட்டம் நடந்த ஊரைக் கவனியுங்கள், லூயிவில். 1881ல் வேறொரு கிளீவ்லாண்ட் அணியோடு அவர் அங்கே போனபோது, உள்ளூர் வீரர்கள் எதிர்த்ததால் ஆடவிடாமல் உட்கார வைத்த அதே லூயிவில். மூன்று வருஷம் கழித்து அங்கேயே போய் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

ஆர்லிங்டன்வாசி:
அன்று எப்படி ஆடினார்?

தெற்குசிகாகோ:
மோசமாக. ஹிட் இல்லை, நான்கு பிழை, டொலீடோ 5-1 என்று தோற்றது. மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் காலத்து கேட்சருக்கு இன்றைய மாதிரி மெத்தை கிளவ் கிடையாது, ஏறக்குறைய வெறுங்கை. அதோடு அவருடைய அணியின் முக்கிய பிட்சர் டோனி முல்லேன் பல வருஷம் கழித்து ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டார். தான் பந்து வீசிய கேட்சர்களில் வாக்கர்தான் சிறந்தவர், ஆனால் ஒரு கறுப்பினத்தவர் காட்டும் சைகைக்கு வீசப் பிடிக்காமல் தன் இஷ்டத்துக்கு வீசினேன் என்றார். என்ன பந்து வருகிறது என்று தெரியாமல், கிளவ்வும் இல்லாமல், ஒரு மனிதர் அந்த சீசனில் 42 ஆட்டம் ஆடி .263 பேட்டிங் சராசரி எடுத்தார். ரயானின் 16 ஸ்ட்ரைக் அவுட்டை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் பின்னால் நின்ற எட்டுப் பேரும் அவருக்காக ஆடினார்கள்.

புதுவரவு:
அப்படியானால் ராபின்சன்தான் முதல் கறுப்பின வீரர் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

தெற்குசிகாகோ:
நவீன காலத்தில் முதல்வர் தம்பி. 1887ல் இன்டர்நேஷனல் லீக் என்ற இரண்டாம் நிலை லீக் இனிமேல் கறுப்பினத்தவருக்கு ஒப்பந்தம் தருவதில்லை என்று முடிவெடுத்தது. மேஜர் லீகுகளிலோ எழுத்தில் எதுவும் இல்லாமல் எல்லோரும் கைகோத்து அடைத்தார்கள். 1947 வரை அப்படியே.

கடைசிஇன்னிங்ஸ்:
அக்கா சொல்வது பெரிய விஷயம். என்றாலும் என் வாக்கு 1920க்கே. வாக்கரின் முக்கியத்துவம் அவருடைய வாழ்க்கை முழுவதிலும் இருக்கிறது, குறிப்பாக அந்த ஒரு நாளில் இல்லை. கடோர், எஷ்கர் இரண்டு பேருக்கும் அந்த ஒரு நாள்தான் எல்லாமே.

மூன்றாம்பேஸ்:
நான் மாறுகிறேன். ரிக்கிக்குச் சில மணி நேரமாவது கிடைத்தது. அக்கா பக்கம் என் வாக்கு.

ஆர்லிங்டன்வாசி:
நான் மாறவில்லை. ரேடியோவில் அந்தக் கடைசி ஸ்ட்ரைக்கைக் கேட்டவன், எப்படி மாறுவேன்? ஆனால் அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். வாக்கர் சகோதரர்கள் இதைச் சும்மா விட்டார்களா? எதிர்த்து எதுவும் சொன்னார்களா?

தெற்குசிகாகோ:
சொன்னார்கள். தம்பி வெல்டி வாக்கரும் அதே 1884ல் டொலீடோவுக்கு ஐந்து ஆட்டம் ஆடியவர். 1888ல் ட்ரை-ஸ்டேட் லீக் கறுப்பினத்தவரைத் தடுக்கிறது என்று கேள்விப்பட்டு அதன் தலைவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார், ஸ்போர்ட்டிங் லைஃப் பத்திரிகை அதை வெளியிட்டது. ஒருவரை வெளியே நிறுத்துவதானால் திறமை இல்லை, நடத்தை சரியில்லை, அறிவு போதவில்லை என்று காரணம் காட்டுங்கள், நிறத்தைக் காட்டாதீர்கள் என்று அதில் கேட்டிருந்தார்.