மக்கள் கொண்டாடும் கூப்பே கார்களை நிறுவனங்கள் ஏன் நிறுத்திவிடுகின்றன?

ஆலைக் கணக்கர், பகாவ்:

அன்பர்களுக்கு வணக்கம். பகாவுக்கு அருகே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கணக்கராக இருக்கிறேன். எங்கள் தோட்டத்து இளைஞர்கள் கார்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு கடைசியில் இரண்டு கதவுக் கூப்பேயில்தான் போய் நிற்கும். நிசான் சில்வியா, டொயோட்டா செலிக்கா, ஹோண்டா பிரிலூட், மாஸ்டா ஆர்எக்ஸ்-7, நம் மலேசியாவின் புரோட்டோன் புத்ரா என்று அடுக்குவார்கள்; அவற்றுள் சிலவற்றை அவர்கள் நேரில் பார்த்ததுகூட இல்லை. இத்தனை பேர் ஆசைப்படும் கார்களை அவற்றைச் செய்த நிறுவனங்களே ஏன் நிறுத்தின என்பதுதான் எனக்குப் புரியவில்லை. 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தோடு சில்வியா, நிசானின் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்எக்ஸ்-7, டொயோட்டாவின் சுப்ரா ஆகிய நான்கின் உற்பத்தியும் ஜப்பானில் முடிவுக்கு வந்தது. புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிதான் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த விதி அதே நிறுவனங்களின் நான்கு கதவுச் செடான் கார்களுக்கும் உண்டே? அவற்றைத் திருத்திக்கொண்டவர்கள் இவற்றை மட்டும் ஏன் கைவிட்டார்கள்? விற்காமல் நிறுத்தினார்களா, விற்றும் இலாபம் இல்லாமல் நிறுத்தினார்களா? பழைய கூப்பே ஒன்றை வாங்கும் எண்ணமும் எனக்கு இருப்பதால், விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

பட்டறை அண்ணன், கோலப்பிலா:

தம்பி, நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் பட்டறைக்கு வரும் கூப்பேக்களுக்கு எந்தப் பொருள் கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை என்று பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும். புத்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். உருவம் மிட்சுபிஷி மிராஜ் ஆஸ்டியினுடையது, 1.8 லிட்டர் இரட்டை கேம்ஷாஃப்ட் எஞ்சின் பின்னர் புரோட்டோனின் சத்ரியா ஜிடிஐயிலும் வந்தது. அடிப்பாகமோ புரோட்டோனின் விரா செடானுக்கு நெருங்கிய உறவு. ஆகவே வண்டி ஓடுவதற்கு வேண்டியவற்றில் பெரும்பாலானவை விராவுக்குச் சாமான் வைத்திருக்கும் கடைகளிலோ, ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டப்பட்டு வரும் பழைய காரான ஹாஃப்கட்டிலோ கிடைத்துவிடும். பின்கண்ணாடி, பின்விளக்கு, நீண்ட கதவு, பக்கவாட்டுச் சிறு கண்ணாடி ஆகியவற்றுக்குத்தான் அலைய வேண்டும். அவை அந்தக் காருக்கென்றே தனியாகச் செய்யப்பட்டவை.

அண்மையில் ஒருவர் பழைய ஜப்பானியக் கூப்பே ஒன்றைக் கொண்டு வந்தார். கதவைத் திறந்ததும் அது ஒரு விரல் அளவு கீழே தொங்கியது. மூடும்போது பூட்டு நேராகப் போய் விழாமல் கொக்கியின் மேல் இடித்தது. செடான் கதவைவிட இது நீளமும் எடையும் கூடியது என்பதால், கீலின் ஊசி ஒரு பக்கமாகத் தேய்ந்துபோயிருந்தது. அந்தக் கீல் வேறு எந்த வண்டிக்கும் பொருந்தாது. கடைசல் பட்டறையில் ஊசியையும் புஷ்ஷையும் புதிதாகக் கடைந்துதான் போட்டோம். இன்று நாம் எதைத் தேடி அலைகிறோமோ, அதைச் செய்யத்தான் அன்று நிறுவனமும் அதிகம் செலவழித்திருக்கும் என்பது என் எண்ணம்.

தகட்டு ஆலைக்காரர், ஷா ஆலாம்:

பட்டறை அண்ணன் சொன்னது மிகவும் சரி. கார்களின் உடற்தகடுகளை அழுத்தித் தரும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதன் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

ஒரு கதவின் வெளித்தகடு ஒரே அடியில் உருவாவதில்லை. தட்டையான தகட்டை இழுத்து வடிவம் கொடுப்பது, ஓரத்தை வெட்டுவது, விளிம்பை மடிப்பது, கைப்பிடிக்குத் துளையிடுவது என்று நான்கைந்து கட்டங்கள் உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் பல டன் எடையுள்ள வார்ப்பிரும்பு அச்சு வேண்டும். அச்சைக் கடைந்தெடுத்த பிறகும் அதன் முகத்தில் நீல மையைத் தடவித் தகட்டை அழுத்தி, மை எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே ஒட்டவில்லை என்று பார்த்துப் பார்த்துக் கையால் தேய்த்துச் சரிசெய்யும் வேலை மாதக்கணக்கில் நடக்கும். இவ்வளவும் செய்து முடித்தபின், அந்த அச்சு ஐந்து லட்சம் கதவுகளை அடித்தாலும் ஐம்பதாயிரம் கதவுகளை அடித்தாலும் ஆன செலவு ஒன்றுதான். கூப்பேயின் கதவை அதன் செடான் உறவுக்குப் பயன்படுத்த முடியாது. கூரையும் பின்பக்கமும் அப்படியே. உருவம் வேறு என்பதால் மோதல் சோதனைக்கும் தனியாகக் கார்களை உடைத்தாக வேண்டும்.

புகை விதி பற்றிய உங்கள் கேள்விக்கும் இதே கணக்குதான் விடை. ஓர் எஞ்சினைப் புதிய விதிக்கு ஏற்றதாக்கிச் சான்று பெறும் செலவு, அந்த எஞ்சின் எத்தனை கார்களில் ஏறுகிறது என்பதைப் பொறுத்துத்தான் தாங்கத்தக்கதாகவோ தாங்க முடியாததாகவோ ஆகிறது. செடான் எஞ்சின் பத்து வகைக் கார்களில் ஏறும். ஆனால் 2002 வாக்கில் ஜிடி-ஆரின் இரட்டை டர்போ ஆர்பி26 எஞ்சினுக்கும், ஆர்எக்ஸ்-7இன் இரட்டை டர்போ ரோட்டரி எஞ்சினுக்கும் அந்தந்தக் காரைத் தவிர வேறு வீடு கிடையாது. நிசானோ 1999இல்தான் கடன் சுமை தாங்காமல் ரெனோவோடு கைகோத்துச் செலவைக் குறைக்கத் தொடங்கியிருந்தது. அந்த நிலையில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? விதி கொன்றது என்று சொல்வதைவிட, விதி வந்த நாளில் செலவழிக்க யாரும் முன்வரவில்லை என்று சொல்வதே பொருத்தம்.

தவணைக் கடன், சிரம்பான்:

மேலே எழுதியவர்கள் செய்யும் பக்கத்தைப் பற்றிச் சொன்னார்கள். நான் வாங்கும் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். கூப்பேக்கு ஆசைப்படுபவர்களில் பெரும்பாலோர் அதைப் புதிதாக வாங்குபவர்கள் அல்லர். பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து இரண்டாம், மூன்றாம் கையாக வாங்குபவர்கள். அவர்களுடைய பணத்தில் ஒரு சென்கூட நிறுவனத்துக்குப் போவதில்லை. புதிதாக வாங்கும் சிறு கூட்டமோ கார் வெளிவந்த முதல் இரண்டு ஆண்டுகளிலேயே வாங்கி முடித்துவிடும். அமெரிக்காவில் ஏழாம் தலைமுறை செலிக்கா 2000இல் 50,000க்கு மேல் விற்றது. 2005இல் 5,000ஐக்கூட எட்டவில்லை. அந்த ஐந்து ஆண்டுகளில் கார் கெட்டுப்போய்விடவில்லை. வாங்க நினைத்தவர்கள் வாங்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டில் நிலைமை இன்னும் கடினம். இறக்குமதி வரி, கலால் வரி, விற்பனை வரி எல்லாம் சேர்ந்து டொயோட்டா ஜிஆர்86 இங்கே மூன்று லட்சம் ரிங்கிட்டை ஒட்டிய விலைக்கு வந்தது. அதன் 2.4 லிட்டர் எஞ்சினுக்குச் சாலை வரி மட்டும் ஆண்டுக்கு 750 ரிங்கிட்டுக்கு மேல், காப்புறுதி வேறு. ஒன்பது ஆண்டுத் தவணையில் கார் வாங்கும் குடும்பத்தில், கோயில் திருவிழாவுக்குப் பாட்டியைப் பின்னிருக்கையில் எப்படி ஏற்றுவது என்ற கேள்வியிலேயே பேச்சு முடிந்துவிடும். மகன் விரும்பிய காரைப் பார்க்க வந்து, அம்மா விரும்பிய எஸ்யூவிக்குக் கையெழுத்துப் போட்டுச் செல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். (அம்மாவின் தேர்வில் தவறும் இல்லை.)

ஆயினும் எல்லாவற்றையும் வாங்குபவர் தலையில் கட்டிவிட முடியாது. இதே ஜிஆர்86 ஐரோப்பாவில் ஒதுக்கப்பட்ட அளவு போதாமல் ஆட்கள் முந்திக்கொண்டு வாங்கிய கார். இருந்தும் 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப அதைத் திருத்துவது கட்டுப்படியாகாது என்பதால் இரண்டே ஆண்டுகளில் அங்கே விற்பனை நின்றது. நிசான் ஜிடி-ஆர் ஆர்35கூட ஒலி விதியால் 2022இல் ஐரோப்பாவை விட்டு வெளியேறியது. 2025 ஆகஸ்டில் உற்பத்தியே முடிந்தது. பதினெட்டு ஆண்டுகளில் மொத்தம் ஏறக்குறைய 48,000 கார்கள்தாம். நல்ல செடான் ஒன்று சில மாதங்களில் விற்கும் எண்ணிக்கை அது.

ஆலைக் கணக்கர், பகாவ்:

மூவருக்கும் நன்றி. கணக்கு எழுதுபவனுக்கே கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். ஒரே ஓர் ஐயம். 2001இல் நின்ற பிரிலூட்டை ஹோண்டா 2025இல் திரும்பக் கொண்டு வந்திருக்கிறது. சுப்ராவும் 2019இல் திரும்பி வந்தது. கணக்கு இவ்வளவு மோசம் என்றால் இவை எப்படி வந்தன?

தகட்டு ஆலைக்காரர், ஷா ஆலாம்:

தனியாகச் செலவழிக்க வேண்டியதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு வந்தன, ஐயா. சுப்ராவின் எஞ்சினும் அடித்தளமும் பிஎம்டபிள்யூ இசட்4உடன் பங்கிடப்பட்டவை. இரண்டும் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மேக்னா ஸ்டெயர் ஆலையில் ஒரே கூரையின் கீழ் உருவாயின. டொயோட்டா ஜிஆர்86உம் சுபாரு பிஆர்இசட்டும் அப்படித்தான். இரண்டையும் ஜப்பானில் சுபாருவே செய்கிறது. புதிய பிரிலூட் சிவிக்கின் அடித்தளத்தில் அமைந்தது. அதன் ஹைபிரிட் அமைப்பு ஹோண்டாவின் மற்றக் கார்களில் ஏற்கெனவே இருப்பது. சஸ்பென்ஷனும் பிரேக்கும் சிவிக் டைப் ஆரிலிருந்து வந்தவை. புதிதாக அச்சு வார்க்க வேண்டியது மேலுடம்புக்கு மட்டுமே. புகை விதிக்கான செலவை ஹைபிரிட் சிவிக் ஏற்கெனவே சுமந்துவிட்டது.

இந்த வழியில் ஓர் ஆபத்தும் உண்டு. கீழே இருக்கும் கார் ஓய்வு பெற்றால் மேலே இருப்பதும் அதோடு போய்விடும். 1998இல் வந்த ஆடி டிடி, கோல்ஃபின் அடித்தளத்தில் பிறந்து, மூன்று தலைமுறைகளில் ஆறரை லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான கார். மின்காருக்குப் பணத்தை ஒதுக்க வேண்டிய நேரம் வந்தபோது நான்காம் தலைமுறைக்கு இடமில்லாமல் 2023இல் நின்றது. ஆகவே பிரிலூட் எத்தனை காலம் இருக்கும் என்பதைச் சிவிக்கின் அடுத்த தலைமுறைதான் முடிவு செய்யும். கூப்பே விரும்பிகளின் கையில் அது இல்லை.

பட்டறை அண்ணன், கோலப்பிலா:

தம்பி, வாங்குவதாக இருந்தால் எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பின்கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா, அதன் ரப்பர் காய்ந்து மழைநீர் பின்பக்கச் சாமான் பெட்டியில் தேங்குகிறதா என்று கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு பின்விளக்குகளும் அசலா, கதவைப் பாதி திறந்து மேலே தூக்கினால் ஆட்டம் கொடுக்கிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் எஞ்சின் கொஞ்சம் எண்ணெய் குடித்தாலும் பரவாயில்லை. ஹாஃப்கட்டில் வேறொன்று தேடிப் போட்டுவிடலாம். முன்பே எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள் என்றால் புதிய எஞ்சினின் எண் கிராண்டில் (வண்டியின் உரிமைப் பத்திரத்தில்) ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வண்டியை ஞாயிற்றுக்கிழமை கொண்டு வர முடிந்தால் மேடையில் ஏற்றி அடிப்பக்கத் துருவையும் பார்த்துச் சொல்கிறேன்.